மூன்று மணிக்கு மூடிய பேனா

அந்த அக்கா எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மூன்று வருஷத்தில் ஒரு மாதிரித் தேர்வைக்கூட முழுசாக எழுதி முடித்ததில்லை. ஆனால் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டால், விருத்தாசலத்தில் அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் கிடையாது. சொல்வதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வாள். தேர்வுக்கும் அதே இரண்டு மணி நேரம்தான்.

இதைக் கேலியாக எழுதுவது சரிதானா என்று சந்தேகமாகவே இருக்கிறது. எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு எப்போது பால், எப்போது மருந்து, எப்போது தூக்கம் என்று சமையலறைச் சுவரில் நானும் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். அக்காவைப் போல நான்கு நிறத்தில் இல்லை. இரண்டு நிறம்தான்.

அக்காவின் அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது புத்தகம் இல்லை, சார்ட் பேப்பர். கட்டிலுக்கு மேலே கதவளவுக்கு ஒட்டியிருப்பாள். பக்கத்து ஆணியில் தினசரி காலண்டர். அதைப் பார்த்து ராகு காலத்துக்குச் சிவப்பு, எமகண்டத்துக்குக் கறுப்பு, குளிகைக்கு ஊதா என்று முதலில் அடைப்பாள். அப்புறம் அஷ்டமி, நவமி, கரிநாள். எல்லாம் போக மீந்த கட்டங்களுக்குப் பச்சை. ஆங்கிலம், பொது அறிவு, சட்டம், தர்க்கம், கணக்கு என்ற ஐந்து பாடமும் அந்தப் பச்சையில்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்குக்கூட அதைவிடத் தாராளமாக இடம் கிடைக்கும்.

டைம்டேபிள் போடுவதற்கே டைம்டேபிளில் ஒரு கட்டம் இருந்தது. ஞாயிறு காலை, நல்ல நேரத்தில். அந்தக் கட்டத்தை மட்டும் அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மற்ற கட்டங்கள் தவறும். கரண்டு போகும், தண்ணீர் லாரி வரும், அவள் அம்மா பால் வாங்க அனுப்புவார். ஒரு கட்டம் தவறினால் அந்தச் சார்ட்டே கெட்டுப்போனதாக அர்த்தம். கிழித்துப் போட்டுவிட்டு, வளர்பிறை பார்த்துப் புதிதாகத் தொடங்குவாள். கெட்டதன்மேல் கட்டினால் எல்லாம் கெட்டதாகவே வரும் என்பாள். என் அப்பாவுக்குச் செராமிக் பேட்டையில் ஒரு சிறிய சூளை. பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டை எல்லாம் சுட்டு விற்பார். சூளையிலிருந்து கீறலோடு வருகிற பொம்மையைக்கூடத் தூக்கிப் போடமாட்டார், செகண்ட்ஸ் என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். அக்காவிடம் செகண்ட்ஸ் கிடையாது. அதனால் சரக்கும் கிடையாது.

அப்போது நான் பிளஸ் டூ. அக்கா பி.ஏ. முடித்துவிட்டு, அதே நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியிருந்தாள். எனக்கு அப்பா ஒரே முறைதான் என்று சொல்லியிருந்தார். சீட் கிடைத்தால் சட்டம். கிடைக்காவிட்டால் உள்ளூரில் பி.காம்., அது முடிவதற்குள் கல்யாணம். எங்கள் பக்கத்து மங்களூரில் உரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் மெல்லப் பேச்சும் எடுத்திருந்தார்கள். ஆகவே ஒரே முறையில் ஜெயித்தாக வேண்டிய நான், இரண்டு முறை தோற்றவளிடம் யோசனை கேட்க மாடி ஏறினேன். அந்த வயதில் அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மாதிரித் தேர்வுகள் சென்னையிலிருந்து தபாலில் வந்தன. மொத்தம் முப்பது, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் ஒட்டியபடி. முப்பதையும் அக்கா மூலையில் மஞ்சள் தடவி, பெரிய கோயிலுக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். படிகள் இறங்கி ஆழத்துப் பிள்ளையார் முன்னால் அந்தக் கட்டை நீட்டினாள். குருக்கள் வாங்கி, புரட்டிப் பார்த்து, எல்லாம் பிரிக்காமல் இருக்கிறதே என்றார். எழுதிவிட்டுக் கொண்டுவந்தால் பிள்ளையாருக்கும் ஏதாவது வேலை இருக்கும் என்றார். அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் அந்தக் குருக்களுக்கு நேரம் சரியில்லை என்றாள்.

உறையைப் பிரிக்கவும் நேரம் வேண்டும் அல்லவா. முதல் உறையைப் பிரிக்க இருபது நாள் ஆயிற்று. ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரே வினாத்தாளை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஏழரைக்கு எமகண்டம் தொடங்கியதால் ஏழு இருபத்தைந்துக்கே அக்கா தாளை மடித்துவிட்டாள். நூற்றைம்பது கேள்வியில் எண்பதைத் தொட்டிருந்தாள். பிறகு திருத்தினோம். அவள் திருத்துகிற முறையை நான் இன்றுவரை வேறு எங்கும் பார்த்ததில்லை, நீதிமன்றத்தில்கூட.

சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தப்பான விடை என்றால் கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். "இது எனக்குத் தெரிஞ்சதுதான். கவனக்கொறவு" என்பாள். அதற்கும் ஒன்று. தொடாத கேள்விகளைப் படித்துப் பார்த்து, நேரம் இருந்திருந்தால் போட்டிருப்பேன் என்று தோன்றுகிறவற்றுக்கு ஒன்று. தப்புக்குக் கால் மதிப்பெண் குறைக்க வேண்டும் என்ற விதி, தப்பு என்றே ஒன்று இல்லாதபோது யாருக்கு? நோட்டில் 112 என்று எழுதி, பச்சையில் வட்டம் போட்டாள். நான் எனக்கு 58 என்று எழுதினேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"உன் மேல உனக்கே நம்பிக்க இல்ல புள்ள. எல்லாத்தையும் தப்புன்னு போட்டுக்குற."

அவள் சொன்னது ஒரு வாரம் என்னைத் தின்றது. அவளுக்கு என்மேல் பொறாமையோ கெட்ட எண்ணமோ கிடையாது. எனக்கும் சேர்த்து அவளே சார்ட் போட்டாள், பேனா வாங்கித் தந்தாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதுதான் சங்கடம். கெட்டவள் என்றால் மாடி ஏறாமல் இருந்திருப்பேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை என்று அறிவிப்பு வந்தது. அக்கா காலண்டரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குளிகை தொடங்குகிறது. பார்த்துவிட்டு, இரண்டு வருஷமாகத் தேடியது கிடைத்ததுபோல அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"குளிகையில எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும். அதனாலதான் அந்த நேரத்துல பொணத்த எடுக்க மாட்டாங்க. போன ரெண்டு வாட்டியும் இதே ஞாயித்துக்கெழமதான், நான் நாலு மணி வரைக்கும் எழுதுனேன். ரெண்டு வாட்டியும் திரும்ப எழுதுற மாதிரி ஆச்சு. கணக்கு ஒத்துப்போவுதா இல்லியா?"

ஒத்துத்தான் போயிற்று. அதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. தர்க்கப் பாடத்தை நான் அவளிடம்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு திட்டம் ஒரே வரியாகிவிட்டது. இரண்டு மணிக்கு வரும் வினாத்தாளை மூன்றுக்குள் முடிக்க வேண்டும். மூன்று அடித்ததும் பேனாவை மூடிவிட வேண்டும். முடியாத கேள்வி முடியாததாகவே போகட்டும், ஆனால் தோல்வி திரும்பி வராது. எனக்கு ஒரே முறைதான் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே முறைக்காரிக்குத்தான் இது ரொம்ப அவசியம் என்று சொல்லி, சார்ட்டின்மேல் என் கையை வைக்கச் சொன்னாள். மூன்று மணிக்குப் பேனாவை வைத்துவிடுவேன் என்று சத்தியம் செய்தேன்.

சத்தியம் செய்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் நேர்மாறாக நடந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் பட்டறைக்கு விடுமுறை. இரண்டு மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு போய், சாயம் பூசாத பொம்மைகள் வரிசையாக நிற்கிற அறையில் உட்கார்ந்து, பள்ளி நூலகத்தில் வாங்கிய பழைய வினாத்தாள்களை நான்கு வரை எழுதினேன். சாப்பிட்ட மயக்கமும் சூளைப் பக்கத்துச் சூடும் சேர்ந்து இரண்டரைக்கே கண்ணைச் சொருகும். அடுத்த ஞாயிறும் எழுதினேன், அதற்கடுத்த ஞாயிறும். 61. 62. 61. குளிகை வேலை செய்கிறது, அதே மார்க்கு திரும்பத் திரும்ப வருகிறது. மேலே ஓடிப்போய் அக்காவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லவில்லை. நான்காவது ஞாயிறு 74 வந்தது. அதற்கப்புறம் 83. அதையும் சொல்லவில்லை.

தேர்வு மையம் திருச்சியில். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் என்பதால், ரயில் ஏறுவதற்கு முன்னால் அக்கா எனக்கும் அவள் அப்பாவுக்கும் ஆளுக்கொரு வெல்லக் கட்டி கொடுத்தாள். அவர் சர்க்கரை நோயாளி. பேசாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

விண்ணப்பத்தை ஒரே நல்ல நேரத்தில் அடுத்தடுத்து அனுப்பியிருந்ததால் எங்களுக்கு அடுத்தடுத்த எண். அவள் முன் பெஞ்சு, நான் பின் பெஞ்சு. எதிர்ச் சுவரில் கடிகாரம். இரண்டு மணிக்கு அவள் தலை குனிந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. தாள் பறந்தது. சரியாக மூன்று மணிக்கு ‘டக்’ என்று மூடி போடும் சத்தம். முதுகை நேராக்கி, கை கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் சுற்றி வந்து அவளிடம் நின்றார். விடைத்தாளில் பாதி வட்டம் நிரம்பாமல் இருந்ததைப் பார்த்திருப்பார்.

"என்னம்மா, முடிச்சிட்டியா?"

"டைம் முடிஞ்சிடுச்சு சார்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதேம்மா."

"அது உங்க டைம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். ஏனென்றால் நானும் பேனாவை வைத்துவிட்டிருந்தேன்.

ஆமாம், வைத்தேன். அத்தனை ஞாயிறு இரகசியமாக நான்கு வரை எழுதிப் பழகியவள், எழுபத்தொன்றாவது கேள்வியோடு பேனாவைக் கீழே வைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது. சத்தியம் செய்த கை அது. வைத்துவிட்டு அக்காவின் முதுகைப் பார்த்தேன். பின்னலின் நுனியில் பச்சை ரிப்பன். அப்பாவின் ஒரே முறை ஞாபகம் வந்தது, மங்களூர் உரக்கடை ஞாபகம் வந்தது. நான்கு நிமிஷம் கழித்துப் பேனாவை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். முன்னால் அக்கா இருமினாள்.

ஒவ்வொரு முறை நான் பக்கம் திருப்பும்போதும் அவள் இருமினாள். திருடிபோலத் தாளைச் சத்தமில்லாமல் புரட்டி, படபடவென்று வட்டங்களை நிரப்பினேன். எண்பத்தெட்டாவது கேள்விக்கு வந்தபோதுதான் பார்த்தேன், விடைத்தாளில் எண்பத்தொன்பதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பேனாவை வைத்து எடுத்த அந்த இடத்தில் எழுபத்திரண்டின் வரிசையைத் தாவியிருக்கிறேன். அதிலிருந்து எல்லாம் ஒன்று தள்ளி. பால்பாயின்ட் பேனா. அழிக்க முடியாது.

முடிவு வந்தது. எனக்கு ஏழு மதிப்பெண்ணில் சீட் போயிற்று. அக்காவுக்கு மொத்தமே நாற்பத்துச் சொச்சம். ஆனால் அவள் கலங்கவில்லை. இந்த முறை குளிகையில் ஒரு வட்டம்கூட நிரப்பவில்லை, ஆகையால் இது திரும்பாது என்று கீழே வந்து என் அம்மாவிடம் நிம்மதியாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எழுதுன இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பா என் பி.காம். விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். நான் அழுவேன் என்று அம்மா எதிர்பார்த்தார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. என் அப்பாவும் காலண்டர் பார்க்கிறவர்தான். தீபாவளி முடிந்து முதல் லோடு பொம்மையை அவர் குளிகை பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவார், ஆர்டர் திரும்பத் திரும்ப வரட்டும் என்று. அது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

"அப்பா, நான் மூணு மணிக்கு மேல எழுதிட்டேன். குளிகையில எழுதினது. திரும்ப எழுதித்தான் ஆவணும். நீங்க தடுத்தா, அப்பறம் குளிகையில ஏத்துற லோடுக்கும் அர்த்தம் இல்லாம போயிடும்."

அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார். அப்பா எழுந்து போய்க் காலண்டர்த் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சடித்திருந்த கால அட்டவணையைப் படித்தார். ஞாயிறு, 3 - 4.30. அதை விரலால் இரண்டு முறை தடவினார்.

"இன்னொரு வாட்டி எழுது. அதுக்கு மேல கெடையாது" என்றார். காலண்டர்த் தாளை நேராக்கிவிட்டு, "அடுத்த வாட்டி மூணுக்குள்ள முடிச்சிடு" என்றும் சொன்னார்.

என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வழக்கு அது. சட்டம் அக்காவுடையது. நான் நம்பியிராத சட்டம். நம்பவில்லை என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எவ்வளவு நம்பினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் இரண்டிலிருந்து நான்கு வரை பொம்மைகளுக்கு நடுவில் எழுதினேன். தேர்விலும் கடைசி மணி வரை எழுதினேன். சீட் கிடைத்தது.

அக்காவின் கணக்கும் பொய்க்கவில்லை. தேர்வு அவளிடம் திரும்பி வரவே இல்லை. அந்தத் தை மாசமே சேத்தியாத்தோப்பில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிரிக்காத மாதிரித் தேர்வு உறைகள் இருபத்தொன்பதையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மஞ்சள் காய்ந்து மூலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் நான் எழுதிப் பழகியது அவற்றில்தான்.

சட்டம் முடித்து, கல்யாணமாகி, ஊர் நீதிமன்றத்திலேயே ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து, குழந்தையும் பெற்ற பிறகு, போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மகளுக்கு இரண்டு வாரமாக விடாத இருமல். சிதம்பரத்தில் குழந்தை டாக்டர் ஒரு மணி வரைக்கும்தான் பார்ப்பார். அதற்காகப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அக்காவும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். கொஞ்சம் பருத்திருந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பிறந்த நேரம் கேட்டாள். சொன்னேன். பரவாயில்லை என்றாள். பெரியவன் ஏழாவது படிக்கிறானாம், அவனுக்கு ஏதோ பள்ளி நுழைவுத் தேர்வு, கதவளவு சார்ட் போட்டிருக்கிறாளாம். சேத்தியாத்தோப்பு முழுக்க என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாளாம், தன் டைம்டேபிளில் படித்துத்தான் ஒரு பெண் வக்கீலானது என்று. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்னு கேக்கணும்னு பதினாலு வருசமா நெனச்சிட்டிருக்கேன். அன்னிக்கு மூணு மணிக்குப் பேனாவ வச்சியா, வைக்கலியா?"

"வச்சேன்க்கா."

"எவ்ளோ நேரம்?"

குறுக்கு விசாரணை நன்றாகவே செய்தாள். "நாலு நிமிசம்" என்றேன்.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அந்த நாலு நிமிசந்தான்டி உன்னக் காப்பாத்துச்சு."

அந்த நான்கு நிமிஷம்தான் என்னை ஒரு வரிசை தாவ வைத்தது, ஏழு மதிப்பெண்ணில் என் சீட்டைத் தின்றது, அதற்கப்புறம் நீங்கள் இருமியது வேறு என்று எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்து நின்றது. சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் என்று கண்டக்டர் கூவினார். அக்கா நகரவில்லை. மணி பதினொன்று நாற்பது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டு வரைக்கும்.

"இருவது நிமிசம் பொறுத்தா அடுத்த பஸ்ஸு. புள்ளயத் தூக்கிக்கிட்டு ராகு காலத்துல ஆஸ்பத்திரிக்கு ஏறாத" என்று குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பாளே, அந்தக் குரல்.

அடுத்த பஸ் என்றால் டாக்டர் போய்விடுவார். எனக்கு அது தெரியும். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். ஏறுறீங்களா இல்லியாம்மா என்று கண்டக்டர் கேட்டார். நான் காலை எடுத்துக்கொண்டேன்.

பஸ் திரும்பிக் கடலூர் ரோட்டில் போய் மறைந்தது. மகள் என் தோளில் இருமினாள். அக்காவின் திருத்தும் முறைப்படி இது தப்பு இல்லை, கவனக்குறைவு. இதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.